மட்டக்களப்புக் கடலில் உறங்கும் நாசகாரி

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 9 ஆம் திகதி வந்து போகின்றது. சித்திரைப் புத்தாண்டுக்கான ஆயத்தங்கள் சூடுபிடிக்கும் அவ்வேளையில், எமது கிழக்குக் கரையோரத்துக்கு அத்தினம் எதனை நினைவூட்டுகின்றது என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. 1942 ஆம் ஆண்டு அதே தினத்தில், மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் இரண்டு போர்க்கப்பல்கள் ஜப்பானிய விமானங்களினால் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ். மற்றையது அதற்குக் காவலாகச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயர்.

ஹேர்மிஸ் பற்றிப் பேசப்படும் அளவுக்கு வம்பயர் பற்றிப் பேசப்படுவதில்லை. ஆனால், ஒரு போர்க்கப்பல் எந்த யுத்தத்துக்காக நிர்மாணிக்கப்பட்டது, எந்த யுத்தத்தில் அழிந்தது என்ற இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு வம்பயரின் கதையே கூடுதலான பாடங்களைத் தருகின்றது என்பது எமது கருத்தாகும்.

நாசகாரி என்ற பெயரே ஒரு வரலாற்றைத் தன்னுள் அடக்கியுள்ளது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோர்பிடோ ஏந்திய சிறு படகுகள் பெரும் போர்க்கப்பல்களுக்கு அச்சுறுத்தலாக விளங்கின. அப்படகுகளைத் துரத்திச் சென்று அழிப்பதற்கென உருவாக்கப்பட்ட வேகமான கப்பலே நாசகாரியாகும். நாளடைவில் அதுவே டோர்பிடோக்களையும் ஏந்திக்கொண்டது. இரும்புக் கவசம் இல்லாமை, அதிக வேகம், சிறு பீரங்கிகள், டோர்பிடோக்கள் என்பனவே அதன் அடையாளங்களாக இருந்தன.

முதலாம் உலக யுத்தத்தின் நடுவில், 1916 ஆம் ஆண்டில், ஜேர்மனி பெரிய நாசகாரிகளை நிர்மாணிக்கின்றது என்ற தகவல் லண்டனை எட்டியது. நாசகாரி அணிகளுக்குத் தலைமை தாங்குவதற்கென அப்போது வரையப்பட்டிருந்த பெரிய கப்பலின் மாதிரியையே பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் பொது மாதிரியாக ஏற்றுக்கொண்டது. பெரும்பாலானவற்றின் பெயர்கள் ஆங்கிலத்தின் 'வி', 'டபிள்யூ' ஆகிய எழுத்துக்களில் ஆரம்பித்தமையினால், அவை 'வி - டபிள்யூ' வகுப்பு என அழைக்கப்படலாயின. இவ்வகுப்பில் 67 கப்பல்கள் நிர்மாணிக்கப்பட்டன. தலைமைக் கப்பல்களாகக் கட்டப்பட்ட முதல் ஐந்தில் வம்பயரும் ஒன்று. இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள கவ்ஸ் நகரில் 1917 ஆம் ஆண்டில் அது நீரில் இறக்கப்பட்டது.

இவ்வகுப்பின் சிறப்பு அதன் பீரங்கிகள் வைக்கப்பட்ட முறையிலேயே தங்கியிருந்தது. முந்திய பிரித்தானிய நாசகாரிகளில் பீரங்கிகளில் ஒன்று புகைபோக்கிகளுக்கு அருகில், கப்பலின் நடுப்பகுதியில் வைக்கப்பட்டிருந்தது. முன்னோக்கியோ பின்னோக்கியோ சுடும்போது அதனால் முழுப் பயன் கிடைக்கவில்லை. புதிய வகுப்பில் நான்கு பீரங்கிகளும் கப்பலின் மைய நேர்கோட்டில் அமைக்கப்பட்டன. முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு. படிக்கட்டில் முன்னும் பின்னுமாக நிற்கும் இருவரைப் போல, உள்ளே இருந்த பீரங்கி மேல் தளத்தில் நின்று, தனக்கு முன்னாலுள்ள பீரங்கியின் தலைக்கு மேலாகச் சுடக்கூடியதாக இருந்தது. எதிரியைத் துரத்தும்போது இரண்டு பீரங்கிகள், பக்கவாட்டில் திரும்பினால் நான்கு பீரங்கிகள் என்ற பலம் இதனால் கிடைத்தது. உயரத்தில் இருந்த பீரங்கியைக் கொந்தளிப்பான கடலிலும் இயக்க முடிந்தமை மற்றொரு நன்மையாகும். பின்னர் வந்த பல பிரித்தானிய நாசகாரி வகுப்புகளுக்கு இந்த ஒழுங்கே அடிப்படையாக அமைந்தது.

கப்பலின் நீளம் 312 அடி, அகலம் ஏறத்தாழ 29 அடி. மூன்று கொதிகலன்கள் எண்ணெயினால் எரியூட்டப்பட்டன. அவற்றின் நீராவி 27,000 குதிரை வலுவுடைய சுழலிகளை இயக்கியது. இரண்டு சுழல்விசிறிகளின் உந்துதலினால் மணிக்கு 34 கடல் மைல், அதாவது சுமார் 63 கிலோமீற்றர் வேகத்தில் அதனால் விரைய முடிந்தது. வம்பயரின் பிரதான ஆயுதங்கள் 4 அங்குலப் பீரங்கிகள் நான்கும், 21 அங்குல டோர்பிடோக் குழாய்கள் ஆறுமாகும். நீர்மூழ்கிகளுக்கு எதிராக ஆழ்நீர்க் குண்டுகளும் இருந்தன. வகுப்பின் பிற்காலக் கப்பல்களில் 4.7 அங்குலப் பீரங்கிகள் பொருத்தப்பட்டன.

கடலின் மேற்பரப்பில் நிகழும் போருக்கு இது போதுமானதாக இருந்தது. ஆனால், வானம் வேறொரு களமாகும். வம்பயரின் 4 அங்குலப் பீரங்கிகளை 30 பாகைக்கு மேல் உயர்த்த முடியாது. தலைக்கு மேலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து வரும் விமானத்தை அவற்றால் குறிவைக்கவே இயலாது. அத்தகைய விமானத்தை எதிர்கொள்வதற்கு அக்கப்பலிடம் இருந்தவை 'பொம்பொம்' எனப்படும் சிறு பீரங்கி ஒன்றும் சில இயந்திரத் துப்பாக்கிகளுமே.

இக்குறைபாட்டைப் பிரித்தானியர் அறியாதிருக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தம் ஆரம்பித்தபோது இவ்வகுப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை சேவையில் இருந்தன. அவற்றுட் சில, ஏறத்தாழ நேர்மேலாகச் சுடக்கூடிய இரட்டைப் பீரங்கிகளைப் பெற்று விமான எதிர்ப்புக் கப்பல்களாக மாற்றப்பட்டன. வேறு சிலவற்றில் ஒரு கொதிகலன் அகற்றப்பட்டு, அவ்விடத்தில் மேலதிக எரிபொருளுக்கு இடமளிக்கப்பட்டது. வேகம் குறைந்தாலும் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் வணிகக் கப்பல்களுக்கு அவை நெடுந்தூரம் துணைசெல்ல முடிந்தது. 1941 மார்ச் மாதத்தில் இவ்வகுப்பைச் சேர்ந்த வோக்கர், வனொக் ஆகிய இரண்டு முதிய நாசகாரிகள் ஒரே இரவில் ஜேர்மனியின் பெயர்பெற்ற நீர்மூழ்கிகளான யூ-99, யூ-100 ஆகியவற்றை அழித்தமை குறிப்பிடத்தக்கது.

வம்பயருக்கு அத்தகைய மறுபிறப்புக் கிடைக்கவில்லை. 1933 ஆம் ஆண்டில் அது அவுஸ்திரேலியக் கடற்படையிடம் கையளிக்கப்பட்டது. யுத்தம் ஆரம்பித்ததும் வேறு நான்கு பழைய நாசகாரிகளுடன் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பப்பட்டது. ஜேர்மனியப் பிரசாரம் அவற்றைப் பழைய இரும்புக் குவியல் என எள்ளி நகையாடியது. அக்கப்பல்களின் மாலுமிகளோ அந்த ஏளனத்தையே பட்டமாகச் சூட்டிக்கொண்டு, 'பழைய இரும்பு அணி' எனத் தம்மைப் பெருமையுடன் அழைத்துக்கொண்டனர்.

1941 டிசம்பர் 10 ஆம் திகதி மலாயாவுக்கு அப்பால் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய பெருங்கப்பல்கள் ஜப்பானிய விமானங்களினால் மூழ்கடிக்கப்பட்டபோது, அவற்றுடன் சென்ற சிறு காவல் அணியில் வம்பயரும் இருந்தது. எலெக்ரா என்ற நாசகாரியுடன் இணைந்து, கடலில் தத்தளித்த ரிபல்ஸ் மாலுமிகளில் நூற்றுக்கணக்கானோரை அது மீட்டது. வான் பாதுகாப்பு இல்லாத கப்பலுக்கு என்ன நேரும் என்பதை வம்பயரின் மாலுமிகள் அன்றே தமது கண்களால் கண்டுவிட்டனர். நான்கு மாதங்கள் கழித்து அதே விதி அவர்களையும் தேடி வந்தது.

1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தினத்தன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மலாயாக் கடலுக்குச் சென்ற அதே காவல் அணியைச் சேர்ந்த டெனடொஸ் என்ற நாசகாரி கொழும்புத் துறைமுகத்தில் மூழ்கியது. அடுத்த இலக்கு திருகோணமலை என்ற எச்சரிக்கை கிடைத்ததும், ஹேர்மிஸும் வம்பயரும் 8 ஆம் திகதி இரவோடிரவாக அத்துறைமுகத்தை விட்டு வெளியேறித் தெற்கு நோக்கிச் சென்றன. ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலாக இருந்தபோதிலும், அன்று அதில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை.

மறுநாள் காலையில் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய வேவு விமானம் ஒன்று அவற்றைக் கண்டுகொண்டது. திருகோணமலை விமானங்களின் பாதுகாப்பைப் பெறும் பொருட்டு அவை மீண்டும் வடக்கு நோக்கித் திரும்பின. ஆனால் சீனன்குடா விமானத்தளம் அன்று காலையிலேயே தாக்கப்பட்டிருந்தது. முற்பகல் 10.30 மணியளவில் குண்டுவீச்சு விமானங்கள் வந்து சேர்ந்தன. ஹேர்மிஸ் சில நிமிடங்களுக்குள் மூழ்கியது. அதன் தலைவர் உட்பட முன்னூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்து வம்பயர் இலக்கானது. குண்டுகள் தாக்கி அது இரண்டாகப் பிளந்து மூழ்கியது. அதன் தளபதி மொரன் கப்பலுடன் மாண்டார். எனினும் வம்பயரில் உயிரிழந்தோர் பத்துப் பேருக்கும் குறைவானவர்களே. இரு கப்பல்களிலும் உயிர்தப்பிய ஏறத்தாழ 600 பேரை வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் மீட்டெடுத்தது.

இது வெறும் பழங்கதை அல்ல. மலாயாக் கடலில் வம்பயருடன் நின்ற எலெக்ரா, 1942 பெப்ரவரியில் ஜாவாக் கடலில் மூழ்கியது. அதன் சிதைவுகளின் ஒரு பகுதியைப் பழைய இரும்புக்காகத் திருடர்கள் அகற்றிவிட்டமை 2016 ஆம் ஆண்டில் உலகுக்குத் தெரியவந்தது. பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகியவற்றின் சிதைவுகளும் சூறையாடப்பட்டன. 2023 ஆம் ஆண்டில் இது தொடர்பில் சீனக் கப்பல் ஒன்றை மலேசியா தடுத்து வைத்தது. அவை இரும்புக் குவியல்கள் மாத்திரமல்ல. அவற்றுடன் மாண்ட மனிதர்களின் புதைகுழிகளுமாகும்.

நீருக்கடியிலுள்ள கலாசார மரபுரிமைகள் தொடர்பான யுனெஸ்கோவின் 2001 ஆம் ஆண்டுச் சமவாயம், குறைந்தது நூறு ஆண்டுகளாக நீரில் கிடப்பவற்றையே மரபுரிமையாகக் கருதுகின்றது. அந்த அளவுகோலின்படி, மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய இவ்விரு கப்பல்களும் 2042 ஆம் ஆண்டிலேயே அத்தகுதியைப் பெறும். அதுவரையில் அவற்றைக் காக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? ஹேர்மிஸ் இன்றும் கரையிலிருந்து சில கடல் மைல்களுக்கு அப்பால், 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கின்றது. வெளிநாட்டுச் சுழியோடிகள் அதனைக் காண்பதற்காகவே எமது கரைக்கு வருகின்றனர். அக்கடலில் அன்றாடம் தொழில் செய்யும் தமிழ், முஸ்லிம் மீனவர்களே அதன் இயல்பான காவலர்கள். அரசாங்கமும் கடற்படையும் அம்மீனவர்களைப் பங்காளிகளாக ஏற்றுக்கொண்டு இப்போதே செயற்படுமாயின், ஜாவாக் கடலில் நிகழ்ந்தது இங்கு நிகழாது தடுக்கலாம்.

வம்பயரின் பெயரைத் தாங்கிய இரண்டாவது நாசகாரி இன்று சிட்னி நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்காகப் பேணப்படுகின்றது. முதலாவது வம்பயருக்கு எமது கடலே கல்லறையாயிற்று. அதற்குரிய மரியாதையை வழங்குவது கடலோர மக்களாகிய எமது கடமையாகும்.