பத்தாயிரம் கோடி லாபமும் கடைமடைக் கம்பியும்

2004-05 நிதியாண்டில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் நிகர லாபம் 10,183 கோடி ரூபாய். 2009-10ல் அதே நிறுவனத்தின் நஷ்டம் 1,823 கோடி ரூபாய். நடுவில் ஐந்தே வருடம்.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இப்படி இரண்டு எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. லாபம் எங்கே போனது? இந்தக் கேள்விக்கு நம்ம ஊரில் இரண்டு ரெடிமேட் பதில்கள் உண்டு. "கவர்மென்ட் ஆளுங்க வேலையே செய்யமாட்டாங்க, அதான் மூழ்கிடுச்சு" என்பது ஒன்று. "தனியாரை வளர்த்துவிட வேண்டுமென்றே கெடுத்துட்டாங்க" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டுமே கணக்குப் புத்தகத்தைத் திறக்காமல் சொல்கிற பதில்கள். நாம் திறந்து பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் வரலாறு

தொலைபேசி என்பது ரொம்ப காலம் ஒரு அரசுத் துறையாகத்தான் இருந்தது, கம்பெனியாக இல்லை. 1986ல் டெல்லிக்கும் மும்பைக்கும் எம்.டி.என்.எல்., வெளிநாட்டுத் தொடர்புக்கு வி.எஸ்.என்.எல். என்று இரண்டைப் பிரித்தார்கள். மீதி இந்தியா முழுவதும் தொலைத்தொடர்புத் துறையின் கையிலேயே இருந்தது. 2000 அக்டோபர் 1 முதல் அந்த மீதி முழுவதையும் பி.எஸ்.என்.எல். என்ற புதுக் கம்பெனி எடுத்துக்கொண்டது. கோயம்புத்தூர் மாதிரி தொழில் நகரமும் அதற்குத்தான், ஆனைமலை, வால்பாறை மாதிரி மலையடிவார, மலைமேல் ஊர்களும் அதற்குத்தான். கூடவே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள்.

இன்டர்நெட் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய சேவையைத் தொடங்கியது. 1998ல் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் எல்லாமே டயல்-அப். போனிலேயே டயல் செய்து இணையத்துக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக்கு வேறு யாரும் போன் செய்ய முடியாது, போன் பில்லும் ஏறிக்கொண்டே போகும்.

2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டது. விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே பிராட்பேண்ட் என்று அதில் சொன்னார்கள். சிரிக்காதீர்கள், அன்று அது பெரிய வேகம் :-) 2010க்குள் 2 கோடி இணைப்பு என்பது இலக்கு. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' என்ற பெயரில் பிராட்பேண்டைக் கொண்டு வந்தது. மாதம் 500 ரூபாய் திட்டம், அளவில்லாமல் பயன்படுத்த 900 ரூபாய் திட்டம். சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இதற்காகவே அலாரம் வைத்து எழுந்த ஒரு தலைமுறை இருக்கிறது. எங்களுக்கு மூத்த அண்ணன்மார்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

கம்பிதான் சொத்து

இதை மற்றவர்கள் செய்ய முடியாமல் பி.எஸ்.என்.எல். செய்ய முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான். வீட்டுக்கு வீடு செப்புக் கம்பி அவர்களிடம் இருந்தது. ஏ.டி.எஸ்.எல். என்கிற தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கும் போன் கம்பியிலேயே, பேச்சு ஒரு அலைவரிசையிலும் டேட்டா இன்னொரு அலைவரிசையிலும் போகும்படி செய்கிறது. வீட்டில் ஒரு ஸ்ப்ளிட்டர், ஒரு மோடம். எக்ஸ்சேஞ்சில் ஒரு கருவி. புதிதாகப் பள்ளம் தோண்ட வேண்டாம். ஐம்பது வருடமாக அரசு போட்ட கம்பி ஒரே நாளில் இன்டர்நெட் கம்பியாகிவிட்டது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். எக்ஸ்சேஞ்சில் இருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். மூன்று நான்கு கிலோமீட்டர் தாண்டினால் திணறும். கொங்கு நாட்டில் குடியிருப்பு எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். ஊருக்குள் கொஞ்சம் பேர், மற்றவர்கள் அவரவர் தோட்டத்துச் சாளையில். இரண்டு சாளைக்கு நடுவே அரை கிலோமீட்டர் தென்னந்தோப்பு இருக்கும். தெருவாக வீடு இருக்கும் ஊரில் ஒரு கேபிள் ஐம்பது வீட்டுக்குப் போகும். இங்கே ஒரு வீட்டுக்காகத் தனியாக ஒரு கிலோமீட்டர் கம்பி இழுக்க வேண்டும். அதே மாத வாடகைதான் வரும்.

பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் கடைமடை என்று சொல்வோமே, அதே கதைதான். தலைமடைக்காரருக்குத் தண்ணீர் தானாக வரும். கடைமடைக்கு யாராவது கவலைப்பட்டால்தான் வரும். தனியார் கம்பெனிகள் தலைமடையை எடுத்துக்கொண்டன. நகரம், அபார்ட்மென்ட், ஆபீஸ். கடைமடை பி.எஸ்.என்.எல். பொறுப்பு.

அந்த லாபம் எப்படி வந்தது?

10,183 கோடி லாபத்தை "ஆஹா, அந்தக் காலம்!" என்று கொண்டாடுவதற்கு முன்னால், அது எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஒன்று, எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. கட்டணம். தொலைதூர அழைப்பில் வந்த பணத்தில்தான் உள்ளூர் போனின் குறைந்த வாடகையைத் தாங்கினார்கள். இரண்டு, ஏ.டி.சி. என்கிற அணுகல் பற்றாக்குறைக் கட்டணம். கிராமத்தில் நஷ்டத்துக்கு போன் நடத்துவதற்கு ஈடாக, மற்ற கம்பெனிகளின் அழைப்புகளில் இருந்து ஒரு தொகை பி.எஸ்.என்.எல்.லுக்கு வந்தது. 2003ல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி கிடைத்தது.

இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வற்றின. 2006 மார்ச் 1 முதல் 'ஒன் இந்தியா' திட்டம் வந்தது. இந்தியாவில் எங்கே பேசினாலும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய். மக்களுக்கு அது மகிழ்ச்சி, அதில் சந்தேகமே இல்லை. எஸ்.டி.டி. பூத் என்ற தொழிலே அதற்குப் பிறகு தேய ஆரம்பித்தது. ஆனால் உள்ளூர் கம்பியைத் தாங்கிய பணமும் அத்தோடு குறைந்தது. ஏ.டி.சி.யைப் படிப்படியாகக் குறைத்து 2008ல் டிராய் முடித்து வைத்தது.

இப்போது லாபக் கணக்கை வரிசையாகப் பாருங்கள். 2005-06ல் 8,940 கோடி. 2006-07ல் 7,806 கோடி. 2007-08ல் 3,009 கோடி. 2008-09ல் 575 கோடி. அடுத்த வருடம் நஷ்டம்.

ஆக, ஊழியர்கள் எல்லாம் திடீரென்று 2008ல் சோம்பேறி ஆகிவிடவில்லை. கிராமத்துக்குச் சேவை செய்யும் கடமை அப்படியே இருந்தது, அதற்கு வந்த பணம் மட்டும் நின்றது. கிராமச் சேவைக்கென்று 2002ல் தொடங்கிய யு.எஸ்.ஓ. நிதி ஒன்று இருந்தது. அதில் இருந்து 2009 ஜனவரியில்தான் கிராமக் கம்பிவழி பிராட்பேண்டுக்கு பி.எஸ்.என்.எல்.லுடன் ஒப்பந்தம் போட்டார்கள். கிட்டத்தட்ட 8.9 லட்சம் இணைப்புகளுக்கு. நல்ல திட்டம்தான், ஆனால் டேட்டாஒன் வந்து நாலு வருடம் கழித்து.

2010 முடிவில் நாட்டில் மொத்த பிராட்பேண்ட் இணைப்புகள் சுமார் 1.1 கோடி. இலக்கில் பாதிதான். அந்தப் பாதியிலும் பாதிக்கு மேல் பி.எஸ்.என்.எல். கொடுத்தது என்பதையும் மறக்கக்கூடாது.

திறக்காத வாய்க்கால்

இங்கே நிறுவனத்தின் பக்கம் இருக்கும் தவறையும் சொல்ல வேண்டும். 2004லேயே டிராய் ஒரு பரிந்துரை செய்தது. பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். கம்பிகளை மற்ற இணைய நிறுவனங்களும் வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கலாம் என்று. வாய்க்கால் ஒருவருடையது, தண்ணீர் விடுகிறவர்கள் பலர் என்கிற முறை. பிரிட்டனில் பி.டி. நிறுவனத்தின் கம்பிகளை இப்படித்தான் திறந்துவிட்டார்கள், 2006ல் அதற்கென்றே ஓப்பன்ரீச் என்று தனிப் பிரிவும் வந்தது. இங்கே அரசு ஏற்கவில்லை. பி.எஸ்.என்.எல்.லும் விரும்பவில்லை.

அன்று கோடிக்கணக்கான செப்புக் கம்பிகள் இருந்தன. அவற்றுக்கு வாடகை வாங்கியிருந்தால் பராமரிக்கவும் பணம் வந்திருக்கும். மாறாக, செல்போன் வந்ததும் மக்கள் லேண்ட்லைனை ஒப்படைக்க ஒப்படைக்க, கம்பி மண்ணுக்குள்ளேயே கிடந்து வீணானது. ரோடு அகலப்படுத்த ஜே.சி.பி. வந்தால் முதலில் அறுபடுவதும் அதுதான்.

வாங்கவும் விடவில்லை, கையிருப்பையும் விடவில்லை

என்னைப் பொறுத்தவரை கதையின் முக்கியமான பகுதி இதுதான்.

பி.எஸ்.என்.எல். 2002 அக்டோபரில் செல்போன் சேவையைத் தொடங்கியபோது சிம் கார்டுக்கு வரிசையில் நின்றார்கள். தேவை இருந்தது, பணமும் இருந்தது. 2006ல் 4.55 கோடி இணைப்புகளுக்கான கருவி வாங்க டெண்டர் விட்டார்கள். தகுதி நீக்கப்பட்ட மோட்டோரோலா டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2007ல் அமைச்சர் மாறினார், ஆர்டர் பாதியாகக் குறைக்கப்பட்டது. அடுத்து 2008ல் 9.3 கோடி இணைப்புகளுக்கு ஒரு டெண்டர். அதுவும் இழுத்து இழுத்து 2010ல் ரத்தானது. தனியார் கம்பெனி ஒரு போர்டு மீட்டிங்கில் முடிவு செய்து வாங்கிவிடும். இங்கே நாலு வருடம் கோர்ட், கமிட்டி, அமைச்சகம். இந்தியாவில் செல்போன் மிக வேகமாக வளர்ந்த வருடங்களும் அதே நாலு வருடங்கள்தான்.

அடுத்தது 2010. 3ஜி மற்றும் கம்பியில்லா பிராட்பேண்ட் அலைக்கற்றை ஏலம். தனியார் ஏலத்தில் கலந்துகொண்டு தனக்கு வேண்டிய மாநிலத்துக்கு மட்டும் பணம் கட்டினார்கள். பி.எஸ்.என்.எல். ஏலத்தில் கலந்துகொள்ளவில்லை. அதற்கு முன்கூட்டியே அலைக்கற்றை ஒதுக்கிவிட்டு, ஏலத்தில் என்ன விலை வருகிறதோ அதைக் கட்டு என்றார்கள். 3ஜிக்கு 10,187 கோடி, கம்பியில்லா பிராட்பேண்டுக்கு 8,313 கோடி. மொத்தம் 18,500 கோடி ரூபாய். இதில் பிராட்பேண்ட் அலைக்கற்றை, தனியாருக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த பயனுள்ள வேறு அலைவரிசையில் இருந்தது. பின்னாளில் சில மாநிலங்களில் அதைத் திருப்பியே ஒப்படைத்தார்கள்.

கணக்குப் பாடத்தில் ஒரு அடிப்படை உண்டு. உரிமையாளர் வேறு, நிறுவனம் வேறு. மளிகைக் கடைக்காரர் கல்லாவில் இருந்து எடுத்து மகள் கல்யாணம் செய்தால் அது கடைச் செலவு இல்லை, சொந்த எடுப்பு. இங்கே உரிமையாளர் அரசு. அலைக்கற்றையை விற்பதும் அரசு. நிறுவனம் சேர்த்து வைத்த கையிருப்பு உரிமையாளரின் பட்ஜெட்டுக்குப் போனது. வருமானம் குறைந்து, நஷ்டம் தொடங்கிய அதே சமயத்தில் சேமிப்பும் போனது. அதற்குப் பிறகு புதுத் தொழில்நுட்பத்துக்கு முதலீடு செய்யக் கையில் எதுவும் இல்லை.

மீதிக் கதை

2016 செப்டம்பரில் ஜியோ 4ஜியோடு வந்தது. பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைக்கற்றை ஒதுக்குவதாக முடிவு செய்ததே 2019 அக்டோபர் மறுசீரமைப்புத் திட்டத்தில்தான். அதற்குள் சம்பளச் செலவு வருமானத்தில் 75 சதவீதம் ஆகியிருந்தது. இந்த எண்ணைக் காட்டித்தான் ஊழியர்களைத் திட்டுவார்கள். ஆனால் விகிதம் என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று. சம்பளம் அதிகம்தான், ஆட்களும் அதிகம்தான். ஆனால் கீழே இருக்கும் வருமானம் சுருங்கியதால்தான் அந்த 75 இவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

2020 ஜனவரி 31 அன்று 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். சம்பளச் செலவு குறைந்தது. ஆனால் எந்தப் பில்லர் பாக்ஸில் எந்தக் கம்பி, எந்த வேப்பமரத்தடியில் ஜாயின்ட் இருக்கிறது என்று தெரிந்த லைன்மேன்களும் சேர்ந்து போனார்கள். அந்த அறிவு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் சொத்தாக எழுதப்படவில்லை, அதனால் போனதும் கணக்கில் வரவில்லை.

அதே 2020ல் 4ஜிக்கு விட்ட டெண்டரும் ரத்தானது, சீனாவோடு எல்லையில் மோதல் வந்த பிறகு. உள்நாட்டுக் கருவிகளே வேண்டும் என்று டி.சி.எஸ்., தேஜஸ், சி-டாட் சேர்ந்து புதிதாக உருவாக்கினார்கள். 2025 செப்டம்பர் 27ல் சுமார் 97,500 டவர்களோடு அது அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. உள்நாட்டிலேயே செய்தது பெருமைதான். ஆனால் அந்தக் காத்திருப்பின் விலையையும் பி.எஸ்.என்.எல்.தான் கட்டியது. 2022 ஆகஸ்ட் டிராய் கணக்கில் லேண்ட்லைனிலேயே ஜியோ (73.5 லட்சம்) பி.எஸ்.என்.எல்.லை (71.3 லட்சம்) முந்திவிட்டது. கம்பியை மட்டுமே நம்பியிருந்த நிறுவனம் கம்பியிலும் இரண்டாமிடம்.

இப்போது செம்புக்குப் பதில் ஃபைபர். உள்ளூர் கேபிள் டிவிக்காரர்களோடு வருமானத்தைப் பங்கு போட்டு வீடுகளுக்கு ஃபைபர் கொடுக்கிறார்கள். 2004ல் கம்பியைப் பங்கு போடத் தயங்கியவர்கள் இப்போது அதைத்தான் செய்கிறார்கள். 2024 அக்டோபர்-டிசம்பர் காலாண்டில் 262 கோடி லாபம் காட்டினார்கள், 2007க்குப் பிறகு முதல் முறை. முழு வருடத்துக்குப் பார்த்தால் 2,247 கோடி நஷ்டம். அதுவும் 2019, 2022, 2023 என்று மூன்று முறை அரசு லட்சம் கோடிக் கணக்கில் அறிவித்த உதவிகளுக்குப் பிறகு. எனவே காலாண்டு லாபத்தைப் பார்த்துப் பட்டாசு வெடிக்க வேண்டாம்.

2010ல் எடுத்ததைவிடப் பல மடங்கு இப்போது திருப்பிக் கொடுக்கிறார்களே, சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. வயலுக்குத் தண்ணீர் பயிர் இருக்கும்போது வர வேண்டும், அறுவடை முடிந்து வந்து பயனில்லை. கடைமடைக்குச் சேவை வேண்டும் என்றால் அதற்கான செலவைத் தனிக் கணக்காக எழுதி, அந்தந்த வருடமே அரசு கொடுக்க வேண்டும். கருவி வாங்கும் முடிவை நிறுவனத்திடம் விட வேண்டும். கல்லாவில் கை வைக்கக் கூடாது. இந்த மூன்றும் 2005ல் இருந்து 2010 வரை மாறி மாறி மீறப்பட்டன.

அடுத்த முறை யாராவது "கவர்மென்ட் கம்பெனின்னாலே இப்படித்தான்" என்று சொன்னால், அந்த ஐந்து வருட லாபக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள். மலையோரத்துச் சாளைக்குக் கம்பி இழுத்ததும் அதே கவர்மென்ட் கம்பெனிதான். அங்கே லாபம் வராது என்று தெரிந்தேதான் இழுத்தது.