டைனமைட்

டைனமைட் என்பது பாறை தகர்க்கப் பயன்பட்ட வெடிபொருள். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பிரட் நோபல் 1867இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆற்றல் என்று பொருள்படும் 'துனாமிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரையும் அவரே அமைத்தார். இத்தாலியரான அஸ்கானியோ சொப்ரேரோ 1847இல் கண்டறிந்த நைட்ரோகிளிசரின் என்னும் எண்ணெயே இதன் உயிர். லேசாக அதிர்ந்தாலும் வெடித்துவிடும் எண்ணெய் அது. 1864இல் ஸ்டாக்ஹோமில் நோபல் குடும்பத்தின் பட்டறை வெடித்தபோது அவருடைய தம்பி எமிலும் உயிரிழந்தார். இந்த ஆபத்துக்குத் தீர்வாக, கீசல்கர் என்ற நுண்துளை மண் ஒரு பங்குக்கு மூன்று பங்கு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு, பிசைந்த மாவுபோல் ஆனது. அதைக் குச்சியாக உருட்டிக் காகிதத்தில் சுற்றி எடுத்துச்செல்ல முடிந்தது. டி.என்.டி. என்பது வேறு பொருள். இரண்டையும் ஒன்றென்று எண்ணுவது பரவலான பிழை.

இதே நைட்ரோகிளிசரின் ரத்தக்குழாயை விரிக்கும். மார்பு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாக அது இன்றும் இருக்கிறது. தமிழில் வெடிக்கு இடுவதற்கும் நோய்க்குக் கொடுப்பதற்கும் 'மருந்து' என்ற ஒரே சொல் வழங்குவது இந்தப் பொருளுக்கு அப்படியே பொருந்துகிறது.

பாறை தகர்க்கும் வேலைக்கு ஓர் எடுத்துக்காட்டு: விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், குறிப்பாகத் திருவக்கரையைச் சுற்றி, கல் குவாரிகள் நிறைய உண்டு. சாலைக்கும் கட்டடத்துக்கும் வேண்டிய ஜல்லி இங்கிருந்து போகிறது. குவாரிப் பேச்சில் புழங்குபவை வேட்டு, வெடி, தோட்டா (மருந்துக் குச்சி), மருந்து, கேப்பு (வெடியைத் தூண்டும் சிறு குழாய்) ஆகிய சொற்கள். கம்ப்ரசர் வைத்துப் பாறையில் குழி போடுவார்கள். தோட்டாவை இறக்கி, மேலே மண் போட்டுக் கெட்டிப்பார்கள். ஆட்களை எல்லாம் தூரமாக விலக்கிய பிறகுதான் வெடி. முதலில் காலடியில் தரை ஒரு முறை குலுங்கும். சத்தம் அதற்குப் பின்னால் வரும். கிணறு வெட்டும்போது பாறை குறுக்கிட்டாலும் இதே வேலைதான். நைட்ரோகிளிசரின் கலந்த வெடிபொருள்களுக்கு இந்தியாவில் 2004இல் தடை வந்தது; அந்த இடத்தைக் குழம்பு வகைத் தோட்டாக்கள் பிடித்துக்கொண்டன. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டின் விதிகளும் இவற்றைக் கட்டுப்படுத்துகின்றன.

ஆங்கிலத்தில் டைனமைட் என்ற சொல்லுக்கு இரண்டு உருவகப் பொருள்கள் உண்டு. தொட்டால் பெரும் சிக்கலாகும் விவகாரம் ஒன்று. அசத்தலான ஆள் அல்லது ஆட்டம் மற்றொன்று. இரண்டாவது பொருளில் அது தமிழ் விளையாட்டுச் செய்திகளிலும் சினிமாப் பேச்சிலும் புழங்குகிறது. உருவத்தில் சிறியவரை அப்படிப் பாராட்டும் இடத்தில், 'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்ற நம் பழமொழியே போதும்.

தமிழின் வேட்டு பாராட்டுச் சொல் அல்ல. 'என் வேலைக்கே வேட்டு வைத்துவிட்டான்' என்றால், நேருக்கு நேர் மோதாமல், தெரியாமல் அடியில் குழி பறித்துக் கெடுத்துவிட்டான் என்று பொருள். குழி போடுவது, உள்ளே இறக்குவது, மூடுவது, தள்ளி நிற்பது என்று பாறை உடைப்பவரின் வேலை முழுவதும் அந்த ஒரு தொடருக்குள் இருக்கிறது. டைனமைட் என்ற ஆங்கிலச் சொல்லில் ஆற்றல் மட்டுமே தெரிகிறது. வேட்டில் செய்தவனும் தெரிகிறான். அதனால் தமிழ்ச் சொல்லே கூர்மையானது. துப்பாக்கியில் குண்டு போடாமல் மருந்தை மட்டும் கெட்டித்து வெடிப்பது வெற்றுவேட்டு. சத்தம் உண்டு, சேதம் இல்லை. வாய்ச்சவடால்காரரை 'வெத்துவேட்டு' என்பதும் அதே பொருளில்தான். எதிர்பாராத செய்தி சொல்வதைக் 'குண்டைத் தூக்கிப் போடுவது' என்கிறோம்.

குவாரிகள் சூழ்ந்த திருவக்கரையிலேயே தேசியக் கல்மரப் பூங்காவும் இருக்கிறது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இந்த இடத்தைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனரா 1781இல் பதிவு செய்தார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 247 ஏக்கரில் பாதுகாக்கிறது. ஆண்டு வளையங்கள்கூடக் கல்லாகித் தெரியும் அந்த மரங்களின் பக்கத்தில் வேட்டு விழாமல் காப்பது, ஜல்லி எடுப்பதைவிட முக்கியமான வேலை.

குவாரிகளில் சில நேரம் தோட்டாவோ கேப்போ வெடிக்காமல் பாறைக்குள் தங்கிவிடும். கைவிட்ட குவாரிக் குட்டையில் குளிக்கப் போகும் பிள்ளைகள் கண்ணில் ஒயர் முளைத்த சிறு உலோகக் குழாய் பட்டால், அதைத் தொடக் கூடாது, கல்லால் தட்டிப் பார்க்கவும் கூடாது. அந்த இடத்தை விட்டு விலகி, 112க்குச் சொல்லுங்கள்.