எல்லியட்ஸ் கடற்கரையில் ஆமைக் கணக்கு

தை பிறந்தது முதல் பங்குனி கழியும்வரை, ஊர் அடங்கிய பின், சென்னை பெசன்ட் நகரின் எல்லியட்ஸ் கரையில் ஏறி மணலைத் தோண்டி முட்டையிட்டுவிட்டுக் கடலுக்கே திரும்பிவிடுகிற பங்குனி ஆமைகளைத் தமிழர் அறிந்தது நேற்று இன்றல்ல. அகநானூற்றின் 160ஆம் பாட்டு, சூல்கொண்ட ஆமை மறைத்துவைத்த முட்டையின் வடிவத்தையும் அதன் புலால் நாற்றத்தையும் பிரத்தியட்சமாகக் கண்டவர் சொல்லும் நுட்பத்தோடு சொல்லி, குஞ்சு வெளிப்படும்வரை ஆண் ஆமை அதனைக் காத்து நிற்கும் என்றும் சேர்த்துவிடுகிறது. முன்னது கண்ட காட்சி; பின்னது கவியின் கருணை. உண்மையில் ஆண் ஆமை கரையேறும் வழக்கமே இல்லை. தாயும் இட்ட முட்டையைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

காப்பாரற்ற அந்த முட்டைகளை எண்ணும் வழக்கம், 1973இல், கிண்டிப் பாம்புப் பண்ணையைத் தோற்றுவித்த ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய தோழர்களும் சென்னைக்குத் தெற்கே இரவுகளில் கரையோரமாக நடந்தபோது ஏற்பட்டது. இந்நாட்டுக் கடலாமை ஆராய்ச்சியின் முன்னோடியாகப் பின்னர் மதிக்கப்பட்ட சதீஷ் பாஸ்கர், சென்னை ஐ.ஐ.டி. மாணவராக இருந்த நாளில் அவர்களோடு சேர்ந்து நடந்தவர். இடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் வனத்துறையும் அப்பணியை ஏற்று நடத்தின. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தூரத்தை, பருவந்தோறும் இரவில் நடந்து வருகிறது.

நடப்பவர்கள் முதலில் தேடுவது ஆமையை அன்று, அதன் தடத்தை. டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல் மணலில் பதிந்து மேலேறிப் பின் கடலுக்கு இறங்கும் அத்தடம் எங்கே குழம்பியிருக்கிறதோ அங்கே ஒரு கோலால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். கோல் தடையின்றி இறங்கினால் அடியில் கூடு உண்டு. சுமார் ஒன்றரை அடி ஆழத்தில், கழுத்துக் குறுகி வயிறு பருத்த குடம்போன்ற குழியிலிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணியெடுத்துத் துணிப்பையில் இட்டு, தேதி, நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, நாய்க்கும் திருடருக்கும் மின்விளக்கின் மயக்கத்துக்கும் தப்பிய பொரிப்பகத்தில், அதே ஆழத்தில் புதைப்பார்கள். 45 முதல் 60 நாள் கழித்து வெளிவரும் குஞ்சுகளையும் அவ்வாறே எண்ணிக் கடலில் விடுவார்கள்.

பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் இறுதியில் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' என்றொரு பாடம் உண்டு. நாணயமும் பகடையும் சீட்டுக்கட்டும் வைத்து அதனைக் கற்பிக்கிறோம், அதில் பிழையில்லை. ஆயினும் கரையில் நடப்பவர்களின் அந்தக் குறிப்பேட்டை மாணவர் கையில் கொடுத்தால் பாடம் வேறு விதமாக விளங்கும் என்பது என் அபிப்பிராயம். ஒரு கூட்டில் 60 முட்டையும் மற்றொன்றில் 170 முட்டையும் இருப்பதாகக் கொள்வோம். சராசரி 115 என்பது கணக்குக்குச் சரியே, ஆனால் 115 முட்டையுள்ள கூடு அவ்விரண்டில் எதுவுமில்லை. வீச்சும் திட்டவிலக்கமும் எதற்காக வந்தன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நிகழ்தகவின் நிலையோ இன்னும் நுட்பமானது. ஒரு நாணயத்தை நூறுமுறை சுண்டினால் முதற்சுண்டலுக்கும் இரண்டாவதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. ஆனால் ஒரே குழியில் கிடக்கும் நூறு முட்டைகளுக்கு மணலின் சூடும் ஈரமும் பொதுவாதலால், கடல் ஏறினால் அனைத்தும் சேர்ந்தே அழியும், கூடு நன்றாயிருந்தால் பெரும்பாலானவை சேர்ந்தே பிழைக்கும். ஆகவே அந்த நூறும் நூறு தனிச் சோதனைகளாகா. நூறு முட்டை கொண்ட ஒரு கூட்டைவிட, பத்துப் பத்து முட்டையாகப் பத்து இடங்களில் பார்த்த கணக்கே நம்பத்தக்கது. பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதற்குப் பாதிக்குப் பாதி என்று கணக்குப் போடுகிறோமே, ஆமைக்கு அதுவும் செல்லாது. மணலின் வெப்பமே அதனைத் தீர்மானிக்கிறது: வெம்மை மிகுந்தால் பெண், குளிர்ந்தால் ஆண். பொரிப்பகத்துக்கு நிழற்பந்தல் இடுவதா வேண்டாமா என்பதுகூட இதனால் நிகழ்தகவைத் தொடும் ஒரு தீர்மானமாகிவிடுகிறது.

இவ்வளவு ஆண்டுக் கணக்கையும் ஒன்றோடொன்று ஒப்பிடுகையில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஏட்டில் ஏறுவது கண்டுபிடித்த கூடுகளின் தொகையேயன்றி இடப்பட்ட கூடுகளின் தொகையன்று. நடப்பவர் கூடினாலும் நடக்கும் தூரம் நீண்டாலும் ஆமை பெருகாமலே எண் பெருகும்; அலை தடத்தை அழித்துவிட்ட இரவில் கூடு இருந்தும் இல்லாததாகும். ஆயிரத்தில் ஒரு குஞ்சே வளர்ந்து ஆளாகும் என்று கரையில் எல்லாரும் சொல்லும் வாக்கியமும் அத்தகையதே. கடலில் விட்ட குஞ்சைப் பின்தொடர்ந்து எண்ணியவர் யாருமில்லையாதலால், அது ஓர் அனுமானமாகத்தான் நிற்கிறது.

2025 ஜனவரியில் இக்கரையில் வேறொரு கணக்கும் எடுக்க நேர்ந்தது. சென்னையையொட்டிய கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வரமுடியாமல் மாண்டவை என்றே பெரிதும் கருதப்பட்டது. ஒதுங்கியவற்றை எண்ணியாயிற்று. நடுக்கடலில் அமிழ்ந்தவையும் நீரோட்டம் வேறு திசைக்குக் கொண்டுபோனவையும் அத்தொகையில் சேரவில்லை. எனவே செத்தவை எத்தனை என்று கேட்பார்க்கு, இத்தனைக்குக் குறையாது என்று மட்டுமே அந்தக் குறிப்பேடு விடை சொல்லும்.