ஷான்சி ஆசிரியர்கள்: டைகுவிலிருந்து மதுரை வரை

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் லேடி டோக் கல்லூரியிலும் ஆங்கிலம் பயின்ற பல தலைமுறையினருக்கு ‘ஷான்சி’ என்ற சொல் புதிதன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்ற கையோடு, இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் இங்கு வந்து பாடம் நடத்திய இளைஞர்களை ‘ஷான்சி ரெப்’ என்றே அழைத்தோம். அது சீன மாகாணம் ஒன்றின் பெயர் என்பதும், அப்பெயருக்குப் பின்னால் பெருந்துயரமும் அதைக் கடந்து எழுந்த ஓர் அறப்பணியும் இருக்கின்றன என்பதும் அன்று நம்மில் பலருக்குத் தெரியாது. அவ்வரலாற்றை இம்மலரில் முறையாகப் பதிவு செய்வது நம் கடமை.

ஓபர்லின் கல்லூரி 1833இல் தொடங்கப்பட்டது. ஏழை மலைக்கிராமங்களின் முன்னேற்றத்துக்கு உழைத்த அல்சாஸ் பகுதிப் போதகர் ஜான் ஃபிரெடரிக் ஓபர்லினின் பெயரைத் தாங்கியது. 1835இல் கறுப்பின மாணவர்களுக்கும், 1837இல் பெண்களுக்கும் கதவு திறந்து, இரண்டிலும் அமெரிக்காவின் முன்னோடியாக நின்ற கல்லூரி அது. அங்கே இறையியல் பயின்ற மாணவர் சிலர் 1881இல் ஒன்றுகூடி, சீனத்தின் ஷான்சி மாகாணத்துக்குச் சென்று பணியாற்றுவதென முடிவெடுத்தனர். சில ஆண்டுகளுக்கு முன்புதான் கொடும் பஞ்சம் அம்மாகாணத்தைச் சூறையாடியிருந்தது. அவர்களை அனுப்பிய அமெரிக்கன் போர்டு, 1834இலேயே மதுரைக்கு ஆள் அனுப்பிய அதே மிஷன் அமைப்புதான். பின்னாளில் ஷான்சியும் மதுரையும் ஒரே கதையில் சேர்ந்ததற்கு வேர் இங்கே இருக்கிறது.

ஷான்சியின் டைகு, ஃபென்சோ என்னும் இரு ஊர்களில் பள்ளியும் மருந்தகமும் அபினிப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கான விடுதியும் நடந்தன. நோய்க்குத் தங்கள் குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் ஊர் திரும்பாமல் அங்கேயே நின்றனர். 1900இல், அயலாரையும் கிறிஸ்தவரையும் எதிர்த்த பாக்சர் கிளர்ச்சி வெடித்தது. ஜூலை 31 அன்று டைகுவில் அறுவர் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 15 அன்று, பாதுகாப்பாக வெளியேற்றுவதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட ஃபென்சோ குழுவினர் வழியிலேயே வெட்டி வீழ்த்தப்பட்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். அவர்களோடு உயிர்நீத்த சீனக் கிறிஸ்தவர்களின் எண்ணிக்கை அமெரிக்கர்களின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு பெரியது.

அந்த ஃபென்சோ குழுவில் ஃபெய் சி-ஹாவ் என்ற இளம் சீன ஆசிரியரும் இருந்தார். முடிவு நெருங்கிவிட்டதை உணர்ந்த மிஷனரி சார்ல்ஸ் பிரைஸ், நீலத் துணித்துண்டு ஒன்றில், இவர் நம்பத்தகுந்தவர், எங்களுக்கு நேர்ந்ததை இவர் சொல்வார் என்னும் பொருள்பட எழுதி அவர் கையில் கொடுத்திருந்தார். தப்பிய ஃபெய், கையில் காசின்றி நடந்து தியென்ஜின் சேர்ந்து நடந்தவற்றை உலகுக்குச் சொன்னார். டைகுவில் அதே வயதொத்த இன்னோர் இளைஞர் இருந்தார். மிஷன் பள்ளியில் படித்த குங் சியாங்-சி. தம் ஆசிரியர்களோடு இருந்து சாகவும் துணிந்த அவரைக் குடும்பத்தார் வற்புறுத்தி வீட்டில் மறைத்து வைத்ததால் உயிர் பிழைத்தார்.

இவ்விருவரையும் ஓபர்லினில் படிக்க வைக்க, ஆசிரியை லுவெல்லா மைனர் 1901இல் அழைத்துச் சென்றார். அமெரிக்கர்களுக்காக உயிரைப் பணயம் வைத்த அந்த இளைஞர்களைச் சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகம் உள்ளே விடவில்லை. சீனரை விலக்கும் சட்டம் அன்று நடைமுறையில் இருந்தது. கடவுச்சீட்டில் குறை கண்டு தடுத்து வைத்தனர். பின்னர் கனடா வழியாகச் சுற்றி, அங்கும் காத்துக் கிடந்து, 1903 ஜனவரியில்தான் அவர்கள் ஓபர்லின் மண்ணை மிதித்தனர். ஏறத்தாழ பதினாறு மாதங்கள். அதே ஆண்டு மே மாதம் கல்லூரிச் சதுக்கத்தில் சுண்ணக்கல் நினைவு வளைவு ஒன்று திறக்கப்பட்டு, மாண்ட அமெரிக்கர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. மாண்ட சீனர்களுக்கான நினைவுப் பலகை 1990களில்தான் அவ்வளைவில் சேர்ந்தது. பிந்தி வந்தாலும் அது வந்தாக வேண்டிய பலகை.

குங்கும் ஃபெய்யும் 1906இல் பட்டம் பெற்றனர். குங் யேல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்து 1907இல் டைகு திரும்பிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதற்கு ‘மிங் சியென்’ என்று பெயர். சான்றோரை நெஞ்சில் பொறித்தல் என்பது அதன் பொருள். 1909இல் பள்ளி ஊருக்கு வெளியே இருந்த பூந்தோட்டம் ஒன்றுக்கு இடம் மாறியது. 1900இல் மாண்டவர்கள் அடக்கம் செய்யப்பட்டதும் அதே தோட்டத்தில்தான். பள்ளியைத் தாங்குவதற்கென ஓபர்லினில் 1908இல் ஷான்சி நினைவுச் சங்கம் அமைக்கப்பட்டது. சங்கம் பிறப்பதற்கு முன்பே பள்ளி பிறந்துவிட்டது என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். இப்பணியின் நிறுவனர் வரிசையில் முதல் பெயர் குங் உடையது. உதவி பெறும் மண்ணின் மைந்தர் ஒருவர் தொடங்கிய பணிக்கு, உதவி செய்யும் மண்ணின் இளைஞர்கள் துணையாகச் சென்றார்கள். பிற்காலத்தில் குங் சீனக் குடியரசின் நிதியமைச்சராகவும் உயர்ந்தார். ஆயினும் நம் வரலாற்றில் அவர் டைகு பள்ளியின் தலைமையாசிரியராகவே நிற்கிறார்.

சங்கத்தைக் கட்டிக் காத்தவர்களுள் லிடியா லார்ட் டேவிஸ் அம்மையாரின் பெயர் மறக்கத் தகாதது. டைகுவில் கொல்லப்பட்ட ஃபிரான்சிஸ் டேவிஸின் மனைவி அவர். குடும்பக் காரணங்களுக்காக முன்னதாகவே பிள்ளைகளுடன் ஊர் திரும்பியிருந்ததால் உயிர் தப்பினார். கணவரைக் கொன்ற ஊரை வெறுக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவரோ அவ்வூர்ப் பிள்ளைகளின் படிப்புக்காக ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதி, நிதி திரட்டி, சங்கத்தின் செயலாளராக உழைத்தார். 1920களில் மீண்டும் சீனம் சென்று அங்கே பணியும் செய்தார். நிதியுதவியில் பெரும்பங்கு சார்ல்ஸ் மார்ட்டின் ஹாலின் சொத்திலிருந்து வந்தது. ஓபர்லினில் படித்த அவர் 1886இல், தமது இருபத்திரண்டாம் வயதில், அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டவர். நம் வீட்டு அலுமினியச் சட்டிக்கும் டைகு பள்ளிக் கட்டடத்துக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

1918 முதல் புதுப் பட்டதாரிகளை ‘பிரதிநிதி’ (ரெப்) என்ற பெயரில் ஓபர்லின் மாணவர் சமூகம் டைகுவுக்கு அனுப்பத் தொடங்கியது. செலவில் ஒரு பகுதியை மாணவர்களே தம்மிடையே திரட்டித் தந்தனர். பல்கலைக்கழக மாணவர்கள் தன்னார்வமாக வெளிநாடு சென்று பணியாற்றுவது இன்று உலகெங்கும் வழக்கம். இத்தகைய பணிக்கென அமெரிக்க அரசின் அமைதிப் படை பிறந்தது 1961இல். அதற்கு நாற்பதாண்டுகளுக்கு மேல் முந்தியது இந்த ஏற்பாடு.

1920களும் 1930களும் மிங் சியெனின் வளர்ச்சிக் காலம். ஓபர்லின் பட்டதாரியான ரேமண்ட் மோயர் அங்கு வேளாண் துறையை வளர்த்தார். வகுப்பறையை விட வயலே அவரது களம். 1930ஐ ஒட்டி அமெரிக்காவிலிருந்து அவர் கொணர்ந்த மக்காச்சோள வகைகளுள் ஒன்று ‘தங்க அரசி’ என்று பெயர் பெற்று ஷான்சி உழவரிடம் பரவியது. 1949இல் ஆட்சி மாறிய பின்னும் அவ்விதை நிலத்திலிருந்து நீங்கவில்லை.

1937இல் ஜப்பானியப் படை நெருங்கியது. மாணவரும் ஆசிரியரும் டைகுவை விட்டுப் புறப்பட்டு, ஊர் ஊராகத் தங்கித் தெற்கு நோக்கி நகர்ந்தனர். போன இடமெல்லாம் கிடைத்த கோயிலிலும் கூடத்திலும் வகுப்பு நடந்தது. இறுதியாக 1939இல் சிச்சுவான் மாகாணத்து ஜின்டாங்கில் கால் ஊன்றினர். அகதியாக வந்த பள்ளி அங்கேயே, போர்க்காலத்திலேயே, வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரியாக உயர்ந்தது. இடம்பெயர்ந்த நிறுவனங்கள் சுருங்குவதையே நாம் கண்டிருக்கிறோம். இது வளர்ந்தது. 1949இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தனர். அடுத்து வந்த கொரியப் போர் சீனத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இருந்த கதவை அடைத்தது. டைகுவிலிருந்த மிங் சியென் வளாகம் 1951இல் ஷான்சி வேளாண் கல்லூரி ஆயிற்று. ஓபர்லினோடு கடிதப் போக்குவரத்தும் அற்றது.

நாற்பதாண்டுப் பணியின் பெயர் மட்டும் எஞ்சியது, இடம் இல்லை. சங்கத்தைக் கலைத்துவிட அப்போது காரணம் இருந்தது, மனம் வரவில்லை. வேறு மண் தேடினார்கள். விடுதலை பெற்ற இந்தியாவில், அமெரிக்கன் போர்டின் பழைய களமான மதுரை அவர்கள் கண்ணில் பட்டது. பசுமலையில் 1881இல் கல்லூரியாகி, பின்னர் வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்தில் நிலைபெற்ற அமெரிக்கன் கல்லூரி இருந்தது. கேட்டி வில்காக்ஸ் அம்மையார் 1948இல் நிறுவிய லேடி டோக் கல்லூரி இளம்பயிராக இருந்தது. ஓபர்லின் மாணவர்கள் ஷான்சி செல்ல முடிவெடுத்ததும் 1881, அமெரிக்கன் கல்லூரி உருவானதும் 1881 என்பதை எண்ணிப் பார்க்கையில் நெஞ்சு நெகிழ்கிறது.

1950களின் தொடக்கத்தில் மதுரைக்கு வந்த முதல் பிரதிநிதிகளுள் ஒருவர் ஜோசப் எல்டர். ஈரானில் பிறந்து ஓபர்லினில் படித்தவர். மதுரையில் ஆங்கிலம் கற்பித்த ஆண்டுகள் அவர் வாழ்வின் திசையைத் தீர்மானித்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராகி, அமெரிக்க மாணவர்கள் இந்தியாவில் ஓராண்டு தங்கிப் படிக்கும் திட்டத்தைப் பல்லாண்டுகள் வழிநடத்தினார். மதுரையும் அத்திட்டத்தின் ஊர்களுள் ஒன்று. குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையின் அமைதித் தூதராக 1965 இந்திய–பாகிஸ்தான் போரின் பின்னும், பிற்காலத்தில் இலங்கைப் போரின்போதும் இரு தரப்புக்கும் இடையே ஓசையின்றி நடந்தவரும் அவரே. மதுரையில் இளமையில் கற்ற பொறுமை அப்பயணங்களில் அவருக்குத் துணை நின்றிருக்கும் என்றே நாம் நம்புகிறோம்.

அவரைத் தொடர்ந்து இரண்டிரண்டு ஆண்டுகளாகப் பலர் வந்தனர். கிராமத்திலிருந்து தமிழ் வழியில் படித்து வந்து, ஆங்கில வகுப்பில் வாய் திறக்கத் தயங்கிய மாணவருக்குத் தம்மைவிட மூன்று நான்கு வயதே மூத்த ஆசிரியர் கிடைத்தார். அந்த ஆசிரியரும் தமிழ் படிக்கத் திணறிக்கொண்டிருந்தார். ழகரத்துக்கு நாக்கை மடக்கத் தெரியாத அவரிடம், ஆங்கிலத்தில் தவறு செய்ய மாணவருக்கு அச்சம் வரவில்லை. புத்தகத் தமிழைக் கற்றுக்கொண்டு கடைக்குப் போனால் அங்கே பேசுவது வேறு தமிழாக இருக்கிறதே என்று அவர்கள் திகைப்பதைப் பார்த்து, நம் மொழியின் இரட்டை வழக்கை நாமே முதன்முறையாகக் கவனித்தோம். கற்பிக்க வந்தவரும் மாணவர்தான் என்பது வேறெந்த விளக்கமும் இல்லாமல் விளங்கியது. எதிர்த்திசைப் பயணமும் நடந்தது. இங்குள்ள ஆசிரியர்கள் ஓபர்லினுக்குச் சென்று தங்கிப் படித்தும் பேசியும் திரும்பினர்.

மதுரைக்கு ஆசிரியர்கள் வரத் தொடங்கிய 1950களிலேயே, தைவானில் 1955இல் தொடங்கிய துங்ஹாய் பல்கலைக்கழகத்துக்கும் பிரதிநிதிகள் சென்றனர். ஓபர்லினில் படித்த யசுசோ ஷிமிசு, போரில் சிதைந்த ஜப்பானில் 1946இல் நிறுவி, ஓபர்லினின் நினைவாக ‘ஓபிரின்’ என்று பெயரிட்ட கல்விக்கூடத்தோடும் உறவு வளர்ந்தது.

1980களில் சீனத்தின் கதவு மீண்டும் திறந்தது. டைகு வேளாண் கல்லூரி வளாகத்துக்கு ஓபர்லின் பட்டதாரிகள் மறுபடி ஆங்கிலம் கற்பிக்கச் சென்றனர். முப்பதாண்டு இடைவெளிக்குப் பின்னும் பழைய மாணவர்கள் மிங் சியென் பெயரை மறக்காமல் வைத்திருந்தனர். யூனான் பல்கலைக்கழகமும், இந்தோனேசியாவின் காஜா மாடா பல்கலைக்கழகமும் பின்னர் சேர்ந்தன. 2004 ஆழிப்பேரலை சிதைத்த அச்சேயில், பண்டா அச்சே நகரத்து சியா குவாலா பல்கலைக்கழகத்திலும் பணி தொடங்கியது. இப்போது ஆங்கிலம் கற்பிப்பதோடு தொண்டு நிறுவனங்களில் பயிற்சிப் பணியும் உண்டு. படிக்கும் மாணவர்கள் கோடை விடுமுறையில் ஆசிய நாடுகளுக்குச் சென்று வர நல்கையும் உண்டு. ‘பிரதிநிதி’ என்ற பழைய பெயர் ‘ஃபெலோ’ என்று மாறியிருக்கிறது. 2008இல் சங்கம் நூறாண்டு கண்டது.

மதுரைக்கு வந்து போன அந்த இளைஞர்களைப் பற்றி ஓபர்லினில் ஆவணங்கள் இருக்கின்றன. அவர்களிடம் படித்த நம்மவர் நினைவில் இருப்பவை இன்னும் எழுதப்படவில்லை. அவர்கள் திருத்திக் கொடுத்த கட்டுரைத் தாள், ஊருக்குப் போனபின் எழுதிய கடிதம், விடுதி நாளில் எடுத்த குழுப்படம் எதையேனும் வைத்திருக்கும் முன்னாள் மாணவர்கள், படத்தின் பின்புறம் ஆண்டையும் பெயர்களையும் குறித்து, தத்தம் கல்லூரி நூலகத்தில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.