ரப்பர் ஸ்டாம்ப் என்று சிரிக்கும் முன்

"குடியரசுத் தலைவர்னா வெறும் ரப்பர் ஸ்டாம்ப்தானே? நம்ம ஆள் ஒருத்தர் அங்க போய் உட்கார்ந்து என்ன மாறிடுச்சு?" மாணவர்களோடு நாங்கள் நடத்தும் வகுப்புகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. ஆனால், அந்த நாற்காலிக்கு அதிக அதிகாரம் இருந்திருந்தால் நமக்கு என்ன நடந்திருக்கும்? 1951-ஐத் திரும்பிப் பார்ப்போம்.

சட்ட அமைச்சராக இருந்த அண்ணல் அம்பேத்கர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக நாடாளுமன்றத்தில் போராடிக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு விவாகரத்து உரிமை, மகளுக்குச் சொத்தில் பங்கு, ஒருவனுக்கு ஒரே மனைவி, திருமணத்துக்குச் சாதி தடையில்லை என்பவை அதன் சாரம். சாதி தன்னைக் காத்துக்கொள்வது அகமண முறையால்தான் என்று இளம் வயதிலேயே எழுதியவர் அவர். இந்த மசோதா அவருக்கு ஏன் உயிராக இருந்தது என்பது அதிலிருந்தே புரியும்.

அன்றைய குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் இதைத் தொடக்கம் முதலே எதிர்த்தவர். 1951 செப்டம்பரில் அவர் பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதினார். வயதுவந்தோர் வாக்குரிமையில் தேர்வாகாத இடைக்கால நாடாளுமன்றம் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யலாமா என்று கேட்டார். ஒப்புதல் தரும் கட்டம் வந்தால் தன் சொந்த முடிவுப்படி நடக்கவும் விரும்பினார். நாடாளுமன்றத்தின் விருப்பத்தை எதிர்க்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு இல்லை என்பது நேருவின் நிலை. அட்டர்னி ஜெனரல் செதல்வாடும், அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்த சென்னை வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அதையே சொன்னார்கள்: அமைச்சரவையின் ஆலோசனைக்கு அவர் கட்டுப்பட்டவர். 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்துப் பேசியபோது அம்பேத்கர் விளக்கியதும் இதுதான். இங்கிலாந்து மன்னரைப் போல, நாட்டின் தலைவர்; ஆட்சியின் தலைவர் அல்லர்.

ஆனாலும் மசோதா நிறைவேறவில்லை. குடியரசுத் தலைவரின் பேனா அதைக் கொல்லவில்லை. தேர்தலுக்கு அஞ்சிய ஆளுங்கட்சியே கைவிட்டது. செப்டம்பர் 27 அன்று அம்பேத்கர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். பிறகு 1955-லும் 1956-லும் அது தனித்தனிச் சட்டங்களாக வந்தபோது, ஒப்புதல் கையெழுத்திட்டவர் அதே ராஜேந்திர பிரசாத்! அவருக்குத் தடுக்கும் அதிகாரம் இருந்திருந்தால்?

அப்படியானால் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவதுதான் ஜனநாயகமா? அதுவும் இல்லை. 1975 ஜூன் 25 இரவு, அமைச்சரவை கூடும் முன்பே, பிரதமரின் பரிந்துரையை ஏற்று நெருக்கடி நிலைக்குக் கையெழுத்திட்டார் பக்ருதீன் அலி அகமது. மறுநாள் காலைதான் அமைச்சரவை கூடியது. அடுத்த ஆண்டு 42-ஆவது திருத்தம், ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று குடியரசுத் தலைவரை வெளிப்படையாகக் கட்டிப்போட்டது. 1978-இல் 44-ஆவது திருத்தம் ஒரு சிறு கதவைத் திறந்தது. ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம்; மீண்டும் வந்தால் ஏற்க வேண்டும். நெருக்கடி நிலைக்கு அமைச்சரவையின் எழுத்துபூர்வ முடிவும் கட்டாயமானது.

அந்தக் கதவைப் பயன்படுத்திக் காட்டியவர் கே.ஆர். நாராயணன். நாட்டின் முதல் தலித் குடியரசுத் தலைவர். 1997-இல் உத்தரப் பிரதேசத்திலும் 1998-இல் பீகாரிலும் ஆட்சியைக் கலைக்க வந்த பரிந்துரைகளைத் திருப்பி அனுப்பினார். ஒன்று குஜ்ரால் அரசு அனுப்பியது, மற்றொன்று வாஜ்பாய் அரசு அனுப்பியது. கட்சி பார்க்கவில்லை. வரம்பையும் மீறவில்லை.

ஆகவே தோழர்களே, நம்மவர் ஒருவர் அங்கே போவதைக் கொண்டாடுவோம். ஆனால் தனி ஒருவரின் மனசாட்சியை நம்பி நம் உரிமைகளை ஒப்படைக்க வேண்டாம். அந்த மனசாட்சி ராஜேந்திர பிரசாத்துடையதாகவும் இருக்கலாம். சட்டம் பிறப்பதும் சாவதும் நாடாளுமன்றத்தில்தான். 1951-இல் அங்கே அண்ணலுக்குப் போதிய கைகள் உயரவில்லை. அந்தக் கைகளை உயர வைப்பதுதான் நம் வேலை.

ஜெய்பீம்!