பிரேக் அதிர்வும் டிரம் காலத்து மருந்தும்

நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் காரில் பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் நடுங்கினால், பட்டறையில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் கிடைக்கும்: சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது, லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும், முடியாவிட்டால் புதிது மாட்ட வேண்டும். டிரம் பிரேக் காலத்தில் இதைப் போன்ற தீர்ப்பு நியாயமானதாகவே இருந்தது. பிரேக்கின் அமைப்பு மாறிய பிறகும் அது மாறாமல் தொடர்ந்ததால்தான், கடைந்த டிஸ்க்கோடு போன கார் சில மாதங்களில் அதே நடுக்கத்தோடு திரும்பி வருகிறது.

1902-இல் பிரான்சின் லூயி ரெனோ கொண்டுவந்த டிரம் பிரேக்கில், சுழலும் உருளையின் உட்சுவரை ஷூக்கள் அழுத்தும். சூடேறினால் உருளை விரியும், திறந்த விளிம்பு அகலும். சூடாக இருக்கும்போதே ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தினால் வட்டம் சிதைந்தபடியே குளிரவும் கூடும். வட்டம் கெட்ட டிரம் பெடலைத் துடிக்கவைக்கும். அதை லேத்தில் வட்டமாகக் கடைவதே மருந்து. அதே 1902-இல் பர்மிங்காமில் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். செம்புப் பட்டைகளின் கிறீச்சொலியும் விரைவான தேய்மானமும் அதைப் பரவவிடவில்லை. 1953-இல் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் லெ மான் பந்தயத்தை வென்ற பிறகே அதன் காலம் பிறந்தது. 1955-இல் சித்ரோவன் டிஎஸ், 1956-இல் டிரையம்ப் டிஆர்3 என்று முன்சக்கர டிஸ்க் பிரேக் விற்பனைக் கார்களுக்கு வந்து, 1970-களுக்குள் பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. புதிய பிரேக்கைப் பழுதுபார்த்ததோ டிரம் கடைந்து பழகிய பட்டறைகள்தான். கையிலிருந்த லேத்தோடு, சூடுதான் குற்றவாளி என்ற நம்பிக்கையையும் அவை டிஸ்க்குக்கு நீட்டித்தன என்றே கருத வேண்டியிருக்கிறது.

ஆனால் டிஸ்க் வேறு விதமாக வேலை செய்கிறது. காலிப்பர் அதை இரண்டு பக்கமும் பேடுகளால் கவ்விப் பிடிப்பதால், தட்டு லேசாகக் கோணி ஆடினாலும் பிடி அதனோடு சேர்ந்து நகர்ந்து கொடுக்கும். அந்தப் பிடியால் ஈடுகட்ட முடியாதது தடிமனில் உள்ள வேறுபாடு. டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு படிந்திருந்தாலோ, வீல் நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முறுக்கியிருந்தாலோ டிஸ்க் சற்றுச் சாய்ந்து உட்காரும். பெடலை மிதிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒரே இடம் பேடில் உரசி மெலியும். வேறுபாடு சுமார் 0.02 மி.மீ. ஆனாலே பிடிமானம் சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்கும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 14, 15 முறை சுற்றுகிறது. சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் இயல்பாக அதிரும் வேகத்துக்கு இது நெருக்கம் என்பதால் நடுக்கம் பெருகுகிறது, கார் மெதுவாகும்போது அடங்குகிறது. தேய்மானமே காரணம் என்பதற்கு வலுவான சான்று காலக்கணக்கு. புதிய டிஸ்க் மாட்டிச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின்பே இத்தகைய அதிர்வு மெல்லத் தலைகாட்டும். மெதுவான தேய்மானம்தான் அப்படி வளரும். ஒரு மலையிறக்கத்துச் சூடு அப்படி வளராது.

‘கடைந்ததும் அதிர்வு நிற்கிறதே’ என்று கேட்கலாம். நிற்கத்தான் செய்யும், கடைசல் தடிமனைச் சமன் செய்துவிடுகிறது. ஹப்பின் துருவை அது தொடுவதில்லை. அதே சாய்வில் உட்கார்ந்த டிஸ்க் அதே இடத்தில் மறுபடி தேய்கிறது. புதிய டிஸ்க்குக்கும் இதே கதிதான். ‘சூட்டுக்குப் பங்கே இல்லையா’ என்பது இன்னும் கனமான கேள்வி. உண்டு. கடும் பிரேக்கிங்கில் டிஸ்க் தற்காலிகமாக உருமாறி அதிர்வது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் குளிர்ந்தால் தணியும். குளிர்ந்த பின்னும் நீடிப்பதற்குப் பேட் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்வதும் காரணமாகலாம். வளைந்ததாகச் சொல்லப்படும் டிஸ்க்குகளில் நடந்தது இதுதான் என்று பந்தயப் பொறியாளர் கரோல் ஸ்மித் அழுத்தமாக வாதிட்டார். அந்தத் திட்டுகளில் சூடு சுமார் 650 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வார்ப்பிரும்பு அங்கே கெட்டிப்பட்டுவிடும். மேலோட்டமாகக் கடைந்தாலும் அந்தக் கெட்டி இடம் உள்ளே மிஞ்சும்.

ஆகவே லேத்துக்கு முன்னால் அளவுகோல் வர வேண்டும். பிரேக் பிடிக்காதபோதும் நடுக்கம் இருந்தால் முதலில் சக்கரத்தையும் டயரையும் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் நடுங்கினால் முன்சக்கரம், இருக்கை நடுங்கினால் பின்சக்கரம் என்பது முதல் குறிப்பு. ஹப்பைச் சுத்தம் செய்து, டிஸ்க்கை நட்டுகளோடு இறுக்கி, டயல் கேஜில் ஆட்டத்தையும், சுற்றிலும் எட்டு இடங்களில் மைக்ரோமீட்டரால் தடிமனையும் அளக்க வேண்டும். ஆட்டம் 0.05 மி.மீ.க்கு மேல் போனால் பல கார்களில் அது வரம்பு மீறியது. டிஸ்க்கை ஹப்பில் வேறு துளைக்கு மாற்றிப் பொருத்தியே பல சமயம் குறைத்துவிடலாம். பிறகும் கடைசல் தேவைப்பட்டால், டிஸ்க்கைக் கழற்றாமல் காரிலேயே வைத்துக் கடையும் இயந்திரம் ஹப்பின் பிழையையும் கணக்கில் கொள்கிறது. இதற்கெல்லாம் நேரமாகும், டிஸ்க் மாற்றுவதே மலிவு என்பவர்கள் ஒருமுறை செலவை மட்டும் பார்க்கிறார்கள். காரணத்தை அளக்காமல் மாற்றிய டிஸ்க்குக்கு மறுபடியும் காசு கொடுக்க வேண்டியிருக்கும். உயிரைக் காக்கும் பாகத்தில் அந்தச் சிக்கனத்துக்கு இடமில்லை.