சுண்டெலியும் எல்லை வேலியும்

அமெரிக்கச் சிறுவர் சித்திரப் படங்களில் மெக்சிக்க மக்கள் எவ்வாறு தீட்டப்பெற்றனர் என்பதை அறிய ஒரு சுண்டெலியின் வரலாறே போதும். ஸ்பீடி கொன்சாலெஸ் என்னும் அவ்வெலியை வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தார் 1953இல் படைத்தனர். முதற்படத்தில் அதற்குத் தங்கப்பல். காணச் சகியாத முகம். 1955இல் பிரிஸ் பிரீலெங் என்பார் அகன்ற தொப்பியும் வெள்ளுடையும் சிவப்புக் கழுத்துக்குட்டையும் அணிவித்து அதனை அழகுபடுத்தினார். அவ்வாண்டுப் படங்களுக்குரிய ஆஸ்கார் பரிசும் கிட்டியது.

கதை யாது? நாட்டெல்லை வேலியின் ஒருபுறம் பசித்த மெக்சிக்க எலிகள், மறுபுறம் பாலாடைக்கட்டி ஆலை, வாயிலில் காவற்பூனை. ஸ்பீடி மின்னலெனப் பாய்ந்து கட்டியைக் கொணர்கிறது. வேடிக்கைதான், ஆனால் காலத்தை நோக்குக. 1942 முதல் 1964 வரை இரு அரசுகளின் உடன்படிக்கைப்படி மெக்சிக்கத் தொழிலாளர் அமெரிக்கப் பண்ணைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அழைக்கப்பெற்றனர். அதே அரசு 1954இல், அனுமதியின்றி வந்தோரை வளைத்துப் பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளியது. உழைப்பு வேண்டும், உழைப்பவன் வேண்டா என்ற அந்நாளை அடுத்தே இப்படம் வந்தது.

ஸ்பீடியிடம் இழிவில்லை, அது விரைவும் துணிவும் உடையது. இழிவெல்லாம் அதன் தோழர்மேல் ஏற்றப்பட்டது. அவை உறங்கும், குடிக்கும், சோம்பியிருக்கும். 1959இல் சேர்க்கப்பட்ட சிற்றப்பன் மகன் ரொட்ரீகெஸ் மெக்சிக்கோவிலேயே மெதுவான எலியாம்! விரைவு ஒருவனுக்கு விதிவிலக்கு, சோம்பல் இனத்துக்கு இயல்பு என்றே பிள்ளை உள்ளம் பற்றிக்கொள்ளும். கொச்சை ஆங்கிலமும் சேர்ந்தது. அக்குரலைத் தந்த மெல் பிளாங்க் மெக்சிக்கர் அல்லர். 1967இல் சோள வறுவல் விளம்பரத்தில் வந்த மீசைத் திருடனுக்கும் அவரே குரல் கொடுத்தார். மெக்சிக்க அமெரிக்கரின் எதிர்ப்பால் அத்திருடன் 1971இல் மறைந்தான்.

எதிர்ப்பு புதிதன்று. தம் மக்களை இழிவுசெய்த நிறுவனங்களின் படங்களை மெக்சிக்க அரசு 1922இலேயே தடுத்தது. எனினும், கார்ட்டூன் நெட்வொர்க் தொலைக்காட்சியினர் 1999இல் ஸ்பீடியை நிறுத்தியபோது, மீண்டும் வேண்டும் என்றோருள் 1929இல் தோன்றிய இலத்தீன் அமெரிக்கக் குடிமக்களின் சங்கமும் இருந்தது. 2002இல் ஸ்பீடி திரும்பிற்று.

இதில் முரண் இல்லை. மெக்சிக்கச் சிறுவர் அப்படத்தை ஸ்பானியக் குரலில் கேட்டனர். அங்கே நகைப்பதற்குக் கொச்சை ஆங்கிலம் இல்லை. வேலி தாண்டித் தன்னவர்க்கு உணவு கொணரும் ஒருவனையே அவர்கள் கண்டனர், காவற்பூனையோ அந்நியன்.